இடிமேகத்தை விலகும் வழி

கடந்த தீபாவளி விடுமுறைக்கு நான் கோத்தா கினாபாலுவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகத் தரையிறங்கியது. புறப்பட்டது என்னவோ சரியான நேரத்தில்தான். தென்சீனக் கடலைக் கடந்து தீபகற்பத்துக்குள் நுழைந்ததும் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. சன்னல் வழியே பார்த்தேன். மாலை வெயிலில் ஒரு வெண்கோபுரம் எழுந்து நின்றது. அதன் அடிப்பகுதி மட்டும் தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. விமானம் அதை நெருங்கவே இல்லை. தள்ளியே நின்று வட்டமடித்தது. ஒருவழியாகத் தரையிறங்கிய பிறகும் கதவு திறக்கவில்லை. மின்னல் எச்சரிக்கை இருந்ததால் தரைப் பணியாளர்கள் வெளியே வர அனுமதி இல்லையாம். ஈப்போவுக்குப் போகும் கடைசிப் பேருந்தை அன்று தவறவிட்டேன். "நேரா வந்திருந்தா எப்பவோ வந்திருக்கலாம்" என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்தார். நானும் தலையாட்டினேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மறுநாள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் மாறிவிட்டது. 2014 டிசம்பர் மாத விபத்துக்குப் பிறகு அவர் விமானம் ஏற மறுத்து வருகிறார். எனது பட்டமளிப்பு விழாவோ சபாவில் நடக்கவிருக்கிறது. தீபகற்பத்திலிருந்து அங்கே போக சாலை கிடையாது. அம்மா கேட்டார்: "மேகம் குறுக்க வந்து நின்னா பைலட் என்னடா பண்ணுவாரு? காரு மாதிரி ஓரமா நிறுத்த முடியுமா?"

நான் மின்னியல் துறை இறுதியாண்டு மாணவன். நுண்ணலை பற்றி ஒரு பாடமே படித்துத் தேறியிருக்கிறேன். இருந்தும் அம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவன் நான். அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று போய்விட்டதால், என் அறிவியல் தமிழ் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. அம்மாவிடம் அன்று சொல்ல முடியாததைத்தான் இக்கட்டுரையின் வழி சொல்ல முயல்கிறேன்.

முதலில் அந்த வெண்கோபுரத்தைப் பார்ப்போம். தமிழில் மேகத்துக்குப் பெயர்ப் பஞ்சமே இல்லை. முகில், மஞ்சு, எழிலி, கொண்டல் என்று அடுக்கலாம். இவற்றுள் கொண்டல் என்ற சொல் கிழக்குக் காற்றையும் குறிக்கும், மழைமேகத்தையும் குறிக்கும். காற்றையும் மேகத்தையும் ஒரே சொல்லால் அழைத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஏனெனில் விமானியைப் பொறுத்தவரை இடிமேகம் என்பது மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் பாயும் காற்றுதான். நாம் வெளியே காண்பது அதன் சட்டை மட்டுமே.

வெயிலில் சூடான ஈரக்காற்று மேலே எழுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகிறது. ஆவி நீராகும்போது வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். அதாவது மேகம் தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு ஏறுகிறது. வலுத்த இடிமேகத்தினுள் இந்த மேலேற்றம் நொடிக்கு 20 மீட்டரையும் தாண்டும். அதன் பக்கத்திலேயே குளிர்ந்த காற்று மழையோடும் ஆலங்கட்டியோடும் கீழே பாய்ந்துகொண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு விமானம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

'மேகத்துக்கு மேலே ஏறிப் போய்விடலாமே' என்று பலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் இடிமேகத்தின் உச்சி 15 முதல் 18 கிலோமீட்டர் வரை போகும். நாம் கோத்தா கினாபாலுவுக்கும் கூச்சிங்கிற்கும் ஏறும் ஜெட் விமானங்களின் உச்ச வரம்பு ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். மேலும், உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. அங்கே விமானம் பறக்கத் தேவையான குறைந்த வேகத்துக்கும் தாண்டக்கூடாத உச்ச வேகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகிவிடும். கயிற்றின்மேல் நடப்பவன் இன்னும் மெல்லிய கயிற்றுக்கு மாறுவதைப் போன்றது அது.

கீழே நுழைந்து போகலாமா? அது இன்னும் மோசம். மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். தரையிறங்கும் விமானம் முதலில் எதிர்க்காற்றைச் சந்தித்துச் சற்று மேலே தூக்கப்படும். அடுத்த சில நொடிகளில் கீழ்க்காற்று அமுக்கும். அதற்கடுத்துப் பின்காற்று வந்து இறக்கையின்மேல் ஓடும் காற்றின் வேகத்தைப் பறித்துவிடும். 1985 ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம் இப்படித்தான் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னால் மின்னல் வெட்டுவதை அவ்விமானிகள் கண்டிருந்தார்கள். இருந்தும் தொடர்ந்து இறங்கினார்கள். அவ்விபத்துக்குப் பிறகே இத்தகைய காற்றை முன்கூட்டிக் கண்டறியும் கருவிகள் அமெரிக்க விமானங்களில் கட்டாயமாயின. என்னுடைய நாற்பது நிமிடத் தாமதத்துக்கும் காரணம் இதுதான். மேகம் நின்றது வழியில் அல்ல, விமான நிலையத்தின் தலைமேலேயே. அதைச் சுற்றிப் போய்ப் பயனில்லை. காத்திருக்கத்தான் வேண்டும். அப்படிக் காத்திருக்கவும், முடியாவிட்டால் வேறொரு நிலையத்துக்குப் போகவும், அதற்குமேல் இன்னும் 30 நிமிடம் பறக்கவும் போதுமான எரிபொருளோடுதான் விமானம் புறப்பட்டிருக்கும். அது விதி.

இனி வழியில் நிற்கும் மேகத்தைப் பற்றிப் பார்ப்போம். பகலில் கண்ணால் காணலாம். இரவிலோ, மற்ற மேகங்களுக்கு நடுவிலோ கண் உதவாது. அதற்காகவே விமானத்தின் மூக்கினுள் ஒரு ராடார் இருக்கிறது. விமானத்தின் உடல் உலோகமாக இருந்தாலும் மூக்குமுனை மட்டும் அலைகள் ஊடுருவக்கூடிய வேறு பொருளால் ஆனது. அதனுள்ளே தட்டையான ஓர் அலைவாங்கி இடமும் வலமும் தலையசைத்தபடி நுண்ணலைகளை அனுப்பும். அலைநீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவைப் பொறுத்துத் திரையில் நிறம் தோன்றும். இலேசான மழைக்குப் பச்சை, அதைவிடக் கூடினால் மஞ்சள், கனமழைக்குச் சிவப்பு. ஒன்றுமே திரும்பி வராவிட்டால் கறுப்பு.

இங்கேதான் கவனம் தேவை. அந்த ராடார் மேகத்தைக் காண்பதில்லை. காற்றுக் கொந்தளிப்பையும் நேராகக் காண்பதில்லை. அது காண்பது நீரை மட்டுமே. துளிகள் அசையும் வேகத்தைக் கொண்டு கொந்தளிப்பைக் கணிக்கும் ராடார்களும் உண்டு. அவற்றுக்கும் துளி வேண்டும். உலர்ந்த பனித்துகள் அலையை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். நம் பகுதியில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் நீர் உறையத் தொடங்கிவிடும். விமானம் பறப்பதோ 10, 11 கிலோமீட்டரில். ஆகவே ராடாரை நேராக முன்னோக்கி வைத்தால், அது மேகத்தின் உறைந்த தலையை மட்டும் பார்த்துவிட்டு 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று பச்சை காட்டும். விமானி அலைவாங்கியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, நீர் நிறைந்த வயிற்றுப் பகுதியைப் பார்க்க வேண்டும். புதிய ராடார்கள் பல கோணங்களில் தாமாகவே தேடி ஒரு முழு உருவத்தைக் கட்டித் தருகின்றன. ஆனால் பழைய வகையில் அந்தச் சாய்வைத் தீர்மானிப்பது விமானியின் கைதான்.

இன்னொரு குறையும் உண்டு. கனமழை அலைகளை விழுங்கிவிடும். முன்னால் நிற்கும் மழை பின்னால் நிற்கும் மழையை மறைத்துவிடும். திரையில் சிவப்புக்குப் பின்னே கறுப்பாகத் தெரியும் இடம் வெட்டவெளியாகவும் இருக்கலாம், எல்லாவற்றிலும் கொடிய பகுதியாகவும் இருக்கலாம். 1977 ஏப்ரல் 4ஆம் நாள் அமெரிக்காவில் சதர்ன் ஏர்வேஸ் 242 என்ற விமானம் இடிமேகக் கூட்டத்தினுள் நுழைந்தது. அளவுக்கு மீறிய மழைநீரும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலையில் இறங்க முயன்றபோது நொறுங்கி, சாலையோரம் இருந்தவர்கள் உட்பட 70 பேருக்குமேல் இறந்தனர். இடிமேகங்களை ஊடுருவிச் செல்ல விமானி தமது ராடாரை நம்பியிருந்ததையும் விசாரணை அறிக்கை ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. ராடார் விலகிப் போவதற்கான கருவி. புகுந்து போவதற்கானது அல்ல.

அப்படியானால் எவ்வளவு விலக வேண்டும்? கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போகும்படி விமானிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. இரண்டு மேகங்களுக்கு நடுவே புகுவதென்றால் இடைவெளி 40 கடல் மைலாவது வேண்டும். முடிந்தவரை காற்று வரும் பக்கமாகவே விலக வேண்டும். மேகம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் கொந்தளிப்பும் ஆலங்கட்டியும் வீசப்படும். மலாக்கா நீரிணையோரம் வாழ்கிறவர்களுக்கு 'சுமத்ரா' என்ற புயற்காற்று தெரிந்திருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் உருவாகி விடியலில் மேற்குக் கரையைத் தாக்கும் இடிமேக வரிசை அது. தனி மேகத்தைச் சுற்றிப் போகலாம். மதில்போல் நீண்டு வரும் சுமத்ராவுக்கு முன்னால் இடைவெளி தேடவோ காத்திருக்கவோதான் வேண்டியிருக்கும்.

பக்கத்து இருக்கைக்காரரின் முணுமுணுப்பு மனத்தில் இருந்ததால், ஒருநாள் விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஸ்.பி.எம். கூடுதல் கணிதம் போதும். விமானத்தின் வேகம் நிமிடத்துக்கு 8 கடல் மைல் என்று கொள்வோம். மேகம் 75 மைல் தொலைவில் இருக்கும்போதே விமானி இடப்பக்கம் 20 பாகை திரும்புகிறார். 80 மைல் பறந்ததும் பழைய பாதையிலிருந்து 27 மைல் விலகியிருப்பார். அங்கிருந்து அதேபோல் 80 மைல் பறந்து பாதைக்குத் திரும்புகிறார். 150 மைலுக்குப் பதிலாக 160. கூடுதலாக ஆகும் நேரம் ஒன்றேகால் நிமிடம்!

அதே மேகம் 30 மைலுக்கு வந்த பிறகு முடிவெடுத்தால்? அதே 27 மைல் விலக 42 பாகை திரும்ப வேண்டும். கூடுதல் தூரம் 21 மைல், இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். இதுவும் பெரிய இழப்பில்லைதான். ஆனால் 30 மைல் என்பது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நான்கு நிமிடத்துக்குள் ராடாரைச் சரிபார்த்து, துணை விமானியிடம் பேசி, கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி பெற்று, பயணிகளை இருக்கைவார் அணியச் சொல்லி, விமானப் பணிப்பெண்கள் சுடுநீர்க் குவளைகளைப் பத்திரப்படுத்தும்வரை பொறுக்க வேண்டும். 75 மைலில் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் கிடைத்திருக்கும். விலகுவதில் மிச்சம் பிடிக்க வேண்டியது எரிபொருளை அல்ல, நிமிடங்களை.

அனுமதி என்றேன். வானத்திலும் போக்குவரத்து உண்டு. ஒருவர் இடப்பக்கம் திரும்பினால் அங்கே இன்னொருவர் வந்துகொண்டிருக்கலாம். ஆகவே விமானி வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்து, வானிலை காரணமாக இத்தனை பாகை விலக வேண்டும் என்று கேட்பார். பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். பெருங்கடலின் நடுவே, அனுமதி பெற வழியில்லாமல் போனாலும் விமானி மேகத்தினுள் புகவேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கும் அனைத்துலக விதி இருக்கிறது. 5 கடல் மைலுக்கு மேல் விலகுவதானால் உயரத்தையும் 300 அடி மாற்றிக்கொள்ள வேண்டும். கிழக்கு நோக்கிப் பறப்பவர் இடப்பக்கம் விலகினால் 300 அடி இறங்குவார், வலப்பக்கம் விலகினால் 300 அடி ஏறுவார். மேற்கு நோக்கிப் பறப்பவருக்கு இது தலைகீழ். இதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் விலகினாலும் ஒருவர் உயரத்தில் இன்னொருவர் குறுக்கிடும் வாய்ப்பு குறைகிறது.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் விபத்து நடக்கிறதே என்று அம்மா கேட்பார். கேட்டார். 2009 ஜூன் 1ஆம் நாள், ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேரும் இறந்தனர். அன்றிரவு அதே வழியில் சென்ற வேறு சில விமானங்கள் இடிமேகக் கூட்டத்தை விட்டு நன்றாகவே விலகின. 447 இடப்பக்கம் 12 பாகை மட்டும் திரும்பியது. சில நிமிடங்களில், ராடார் சரியாகக் காட்டாத அதே பனித்துகள்கள் வேகத்தை அளக்கும் குழாய்களை அடைத்துக்கொண்டன. வேகத்தின் அளவு தெரியாமல் தானியங்கி ஓட்டி கையை விட்டுவிட்டது. அடைப்பு ஒரு நிமிடத்தளவில் நீங்கிவிட்டது. ஆனால் அதற்குள் விமானி மூக்கை உயர்த்தியதால் இறக்கை தாங்கும் விசையை இழந்துவிட்டது. அந்நிலையிலிருந்து மீளாமலே, நாலரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் மோதியது. மேகம் வாசலைத்தான் திறந்தது. உள்ளே நடந்தது வேறு.

அம்மாவை அச்சுறுத்திய விபத்துக்கு வருகிறேன். 2014 டிசம்பர் 28ஆம் நாள் காலை, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஆசியா 8501 ஜாவா கடலில் விழுந்தது. அதில் 162 பேர் இருந்தனர். விமானி கடைசியாகக் கேட்டது மேகத்தை விலகவும் மேலே ஏறவும் அனுமதி. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் அச்செய்தி திரும்பத் திரும்ப ஓடியது. "பாவம், வழி கேட்டிருக்காங்க, குடுக்கல" என்பதுதான் அம்மாவின் மனத்தில் பதிந்தது. எனக்கும் பதினோரு வயதில் அதுவே பதிந்தது. இக்கட்டுரைக்காக இந்தோனேசிய விசாரணைக் குழு 2015 டிசம்பரில் வெளியிட்ட முடிவுகளைப் படிக்கும்வரை நான் அதைச் சந்தேகித்ததில்லை.

இடப்பக்கம் விலக அனுமதி கிடைத்திருந்தது. உடனே ஏறுவதற்குத்தான், மற்ற விமானங்கள் அருகில் இருந்ததால், காத்திருக்கச் சொன்னார்கள். விபத்துக்கு வானிலை காரணமல்ல என்று அக்குழு முடிவு செய்தது. வால்பகுதியிலுள்ள சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையில் ஒரு பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. அதனால் எச்சரிக்கை ஒலி நான்கு முறை எழுந்தது. நான்காவது முறைக்குப் பின் கணினி மின்சுற்று துண்டிக்கப்பட, தானியங்கி ஓட்டி விலகியது, விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு நடந்தது ஏறக்குறைய 447இன் கதைதான். மூக்கு உயர்ந்தது, இறக்கை விசை இழந்தது, மீளவில்லை. மின்னியல் மாணவனான எனக்கு அந்த விரிசலைப் பற்றிப் படித்தபோது கை சில்லிட்டது. பற்றவைப்பு வேலை நாங்கள் முதலாம் ஆண்டில் விளையாட்டாகச் செய்யும் பயிற்சி.

மேகம் மட்டுமே குற்றவாளியாக 2024 மே 21ஆம் நாள் ஒரு நிகழ்வு நடந்தது. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321, மியன்மாரின் தென்பகுதியில் 37,000 அடி உயரத்தில், வளர்ந்துகொண்டிருந்த இடிமேகப் பகுதியைக் கடக்கையில் குலுங்கியது. விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கைப்படி, 4.6 நொடிகளில் 178 அடி கீழிறங்கியது. ஒருவர் இறந்தார், பலர் படுகாயமடைந்தனர். இருக்கைவார் விளக்கு எரிந்ததற்கும் கடுங்குலுக்கலுக்கும் இடையே இருந்தது எட்டு நொடி. வளரும் மேகத்தில் இன்னும் நீர் அதிகம் சேர்ந்திருக்காது, ஆனால் காற்று ஏறிக்கொண்டிருக்கும். வார் அணியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் நடந்துகொண்டிருந்தவர்களும்தான் கூரையில் மோதினார்கள்.

இவற்றையெல்லாம் இரண்டு வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். 'இடப்பக்கம் விலகு' என்பதில் தொடங்கி, பனித்துகள், பற்றவைப்பு விரிசல் வரை முழுக்கத் தமிழில். இடையில் மூன்று இடத்தில் சொல் கிடைக்காமல் திணறினேன். 8501க்கு வழி மறுக்கப்படவில்லை என்றதும் அம்மா வெகுநேரம் பேசவில்லை. "பத்து வருஷமா அந்த மேகத்தைத்தானே திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. மேகம் கண்ணுக்குத் தெரியும், விரிசல் தெரியாதே என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பிறகு அவரே, "அப்ப ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் பெல்ட்டக் கழட்டவே கூடாது, இல்ல?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"ரெண்டரை மணி நேரம். பாத்ரூமுக்கு எப்படிடா போறது?"

டிக்கெட்டின் விலையை அன்றிரவே பார்த்து வைத்துவிட்டேன்.